சொல்தா வீட்டுப் பிள்ளை

தியாகராசன் சாப்பிட உட்கார்வதைத்தான் பார்க்க முடியும்; சாப்பிட்டு எழுவதைப் பார்க்க முடியாது. காசியம்மா ரசத்துக்குக் கரண்டியை எடுப்பதற்குள் இலையை மடித்திருப்பான். கொடுவா மீன் குழம்பு வைத்தாலும் அப்படித்தான், வெறும் கஞ்சியை ஊற்றினாலும் அப்படித்தான். எட்டு வருஷத்தில் இரண்டாவது முறையாக ஊருக்கு வந்திருக்கும் பிள்ளைக்கு என்னென்னவோ ஆக்கிப் போடத் தவித்துக்கொண்டிருந்த காசியம்மா ஒரு நாள், உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். பிறகு, "நீங்க பாத்துப் போட்டா சரிதாம்மா" என்றான்.

அல்லிக்கு அண்ணன் மேல் முதல் கோபம் அன்றைக்குத்தான் வந்தது. உப்பு கூடியதா குறைந்ததா என்று சொல்லத் தெரியாத நாக்கை வைத்துக்கொண்டு ஒரு ஆம்பிளை என்னத்துக்கு ஆவான் என்று அடுப்படியில் நின்று அம்மாவிடம் பொரிந்தாள். உஸ், அப்பா காதில் விழப்போகிறது என்றாள் காசியம்மா. அந்த வீட்டில் எதைச் சொன்னாலும் அம்மாவின் முதல் பதில் அதுதான்.

கோவில்பத்தில் அந்த வீட்டுக்குச் சொல்தா வீடு என்று பெயர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து அந்த நாட்டுப் பென்ஷனில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைக் காரைக்காலில் சொல்தா என்றுதான் சொல்வார்கள். அப்பா செல்லையன் குரும்பகரத்து வயலில் சேறு மிதித்துக்கொண்டிருந்தவர். பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போனார். முதலில் இந்தோசீனாவில் சண்டை, பிறகு அல்ஜீரியாவில் சண்டை. திரும்பி வந்து கோவில்பத்தில் மாடி வீடு கட்டினார். வெள்ளைக்காரன் ஊரை ஒப்படைத்துவிட்டுப் போனபோது, நான் பிரெஞ்சுக் குடிமகனாகவே இருந்துகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். ஆகவே பிள்ளைகளும் பிரெஞ்சு. அல்லி பி.எஸ்சி. முடித்து, குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்று பேர் எடுத்தும் சர்க்கார் வேலைக்கு மனுப் போட முடியவில்லை. நீ இந்தியக்காரியே இல்லையேம்மா என்று ஆபீசில் சிரித்தார்கள். நாகூரைத் தாண்டிப் போயிராத பிரெஞ்சுக்காரி. கடைத்தெருப் பக்கம் ஒரு டுடோரியலில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

செல்லையன் பட்டாளத்தை விட்டு வந்தாரே ஒழிய, பட்டாளம் அவரை விடவில்லை. வாசலில் செருப்புகள் ஒரே கோட்டில் கிடக்க வேண்டும். பாயைச் சுருட்டினால் அவர் சொன்ன அகலத்துக்குத்தான் சுருட்ட வேண்டும். சாப்பிடும்போது வாயைத் திறக்கக் கூடாது. தியாகராசனுக்கு ஏழு வயதிருக்கும். ஏதோ தப்புக்காக அவனை முற்றத்தில் விறைப்பாக நிறுத்தினார். அப்படியே மறந்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார். வெயில் ஏறி இறங்கி அவர் திரும்பி வரும் வரைக்கும் பிள்ளை நின்றுகொண்டிருந்தது. கால் சட்டை நனைந்திருந்தது. ஆனால் நின்றுகொண்டிருந்தது. அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனார் மனுஷன். எவன் வீட்டுப் பிள்ளை இப்படி நிற்கும் என்று கேட்டார்.

அல்லியை அவர் நிறுத்தவில்லை. பொட்டைப் பிள்ளையை ட்ரில் வாங்கி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார். அவர் அவளுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான், அதுவும் அவளை ஒரு பொருட்டாக மதிக்காததால் செய்தது. யாரும் கவனிக்காத நேரத்தில் அவள் படித்தாள், எதிர்த்துப் பேசப் பழகினாள். பிள்ளையைச் செதுக்கினேன் செதுக்கினேன் என்பார் அப்பா. செதுக்கித் தள்ளிய சிராய்தான் தியாகராசனாக இருந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும்.

குடிக்கிற நாட்களில் செல்லையன் ஒரு கதை சொல்வார். இந்தோசீனாவில் ஒரு கிராமம். அறுத்துக் களத்தில் போட்ட நெற்போர் வரிசையாக நின்றதாம். கொளுத்தச் சொன்னான் அதிகாரி. கூட இருந்த மற்றவன்கள் வெள்ளைக்காரன்கள், அவன்களுக்கு அது வெறும் வைக்கோல். "நான் நெல்லு வெளயற ஊர்ல பொறந்தவன். ஒரு மணி கால்ல பட்டாத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறவன். ஆனா உத்தரவுன்னா உத்தரவு. மொதத் தீக்குச்சி நாந்தான் கிழிச்சேன்" என்பார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்வார். சின்ன வயதில் அல்லியும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருக்கிறாள். கல்லூரிக்குப் போன பிறகு ஒரு நாள், அந்த நெல்லு யாரோடது என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் இருக்கும்போது அந்தக் கதையை அவர் சொல்வதில்லை.

தியாகராசனும் பதினெட்டு முடிந்த மாதமே போனான். விமானம் ஏற்றிவிட மெட்ராஸ் வரை போன செல்லையன் பிள்ளையிடம் சொன்னது ஒன்றுதான்: சொன்னதைச் செய், கேள்வி கேட்காதே. ஒரு பிள்ளைக்கு வேறென்ன வேண்டும், உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தையா, அதெல்லாம் இல்லை. தண்ணீர் தெளித்துவிட்டது போல விட்டுவிட்டு வந்தார். மாசாமாசம் பணம் வந்தது. கூடவே, நலம், நலமறிய ஆவல் என்று நாலு வரி வந்தது. பிரான்சில் பிரெஜுஸ் என்ற ஊரில் முகாம், நடுவில் ஆப்பிரிக்காவில் ஜிபூத்தியில் கொஞ்ச காலம் என்பதைத் தவிர அந்த எட்டு வருஷத்தைப் பற்றி வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாரும் நினைக்கவுமில்லை.

இந்த முறை பெர்மிசியோனில் வந்திருந்தான். அந்த வீட்டில் விடுப்பை அப்படித்தான் சொல்வார்கள். வந்தவனுக்கு அப்பா கல்யாணம் ஏற்பாடு செய்திருந்தார். பெண் குரும்பகரத்து அஞ்சுகம். அல்லியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், கல்லூரியில் புகுமுக வகுப்பு வரைக்கும் ஒரே பஸ்ஸில் வந்தவள். அதற்கு மேல் படிக்க வைக்க அவள் அம்மா பெரியநாயகியால் முடியவில்லை. புருஷன் போன பிறகு இரண்டு மா நிலத்தை வைத்துக்கொண்டு தானே நடவு நட்டுப் பிள்ளையை வளர்த்தவள். இந்த வருஷம் அஞ்சுகத்துக்கு ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. பிரான்சு போகப்போகிறவளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கிற வேலை எதற்கு என்று பெரியநாயகி அந்த இடத்தை வேண்டாம் என்று சொல்லச் செய்துவிட்டாள். பிரெஞ்சு மாப்பிள்ளை என்றால் காரைக்காலில் பெண்ணைப் பெற்றவர்களுக்குக் கண் தெரியாது, காது கேட்காது. கல்யாணத்தைப் பாண்டிச்சேரி கான்சலேட்டில் பதிந்துவிட்டால் பெண்ணும் பிரெஞ்சு. அப்புறம் மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா, குடிப்பானா அடிப்பானா, எதுவும் கணக்கில் வராது.

அல்லிக்கு அதுவே பிடிக்கவில்லை. ஆனால் அஞ்சுகம் சந்தோஷமாக இருந்தாள், பனி பெய்யும்போது எப்படிடி சேலை கட்டுவது என்று சிரித்தாள். ஆகவே அல்லி வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை பரிசம் போடுவதாக இருந்தது. அதற்கு நாலைந்து நாள் முன்னால் பெண்ணுக்கு வளையல் வாங்க அண்ணனும் தங்கையும் மதார் சாகிப் கடைக்குப் போனார்கள். அல்லி ஒரு டஜன் கண்ணாடி வளையலைப் பொறுக்கி எடுத்தாள். தியாகராசன் அதுவரை கைகட்டி நின்றவன், கடைக்காரரிடம் இன்னும் சின்னது வேண்டும் என்றான். அவர் ஒன்றை எடுத்துக் காட்டினார். இன்னும் சின்னது என்று கட்டை விரலையும் நடு விரலையும் சேர்த்து வளைத்துக் காட்டினான். மதார் சாகிப்புக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன் தம்பி, பொண்ணு என்ன பொம்மையா? அம்புட்டுக்காணு கையை வச்சுக்கிட்டு அது எப்புடி உங்களுக்குச் சோறு பெசஞ்சு போடும்?" என்றார்.

அல்லியும் சிரித்தாள். சிரித்தபடியே, "யாருக்குண்ணே?" என்றாள்.

"எம் மவளுக்கு" என்றான் தியாகராசன்.

மதார் சாகிப் சட்டென்று திரும்பி, நன்றாக அடுக்கியிருந்த ரிப்பன் கண்டுகளை மறுபடி அடுக்கத் தொடங்கினார்.

தெருவில் இறங்கி நடந்தபோது அல்லி கேட்டாள், அவன் சொன்னான். ஒளிக்கவில்லை, தயங்கவில்லை. பிரெஜுஸில் மொனிக் என்று ஒருத்தி. ஆஸ்பத்திரியில் வேலை. மூன்று வருஷமாக ஒரே வீடு. குழந்தைக்கு நத்தாலி என்று பேர், நடக்கிறது, ஓடுகிறது. கல்யாணம் பதியவில்லை. ஏன் பதியவில்லை என்றால், அப்பாவிடம் கேட்கவில்லை. வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"யாரும் கேக்கலையே" என்றான்.

நடுத்தெருவில் அவனை அறைய வேண்டும் போல இருந்தது அல்லிக்கு. பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. பொய் சொல்கிறவனுக்கு, எதையோ காப்பாற்ற வேண்டும் என்ற நினைப்பாவது இருக்கும். இவனுக்கு அதுவும் இல்லை. கேட்டால் பதில், கேட்காவிட்டால் மௌனம். அங்கே ஒரு பெண்ணும் குழந்தையும் காத்துக்கொண்டிருக்க, இங்கே இன்னொருத்தியின் கழுத்தில் தாலி கட்டப் போகிறோமே என்று நெஞ்சு உறுத்தவில்லையா என்றாள். உறுத்தியது என்றான். ராத்திரி தூக்கம் வரவில்லை என்றான். ஏதோ காய்ச்சல், தலைவலி என்று சொல்வது போலச் சொன்னான். அந்த உறுத்தலுக்கும் தன் கை காலுக்கும் சம்பந்தம் உண்டு என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

அல்லி நேரே அப்பாவிடம் போனாள். செல்லையன் கண்ணாடி முன்னால் மீசையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கத்தரிக்கோல் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

"அது அங்க. கல்யாணம் இங்க" என்றார்.

அஞ்சுகத்தின் கதி என்ன என்று கேட்டாள் அல்லி. அந்த வெள்ளைக்காரியின் கதி என்ன, அந்தக் குழந்தை யாரை அப்பா என்று கூப்பிடும்?

"பட்டாளத்துல இருக்கறவனுக்கு இதெல்லாம் உள்ளதுதான். எந்தச் சொல்தாவைக் கேட்டாலும் சொல்லுவான். சைகோன்ல நானும்தான்..."

அங்கே நிறுத்தினார். கதவருகில் காசியம்மா காப்பித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். அல்லி அம்மாவைப் பார்த்தாள். கேளேன், இப்போதாவது கேளேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். காசியம்மா தம்ளரைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் குடிங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். முப்பது வருஷமாகக் கேட்காதவள்.

பரிசத்துக்கு முந்தின நாள் வரைக்கும் அல்லி அண்ணனிடம் மன்றாடினாள். அரசலாற்றுப் பாலத்தில் நிறுத்தி வைத்துப் பேசினாள். மாடியில் பேசினாள். அவனுக்கு மொனிக்கோடு இருக்கத்தான் விருப்பம், அதைக் கேட்டவுடன் சொன்னான். குழந்தை தமிழில் ஒரே ஒரு வார்த்தை சொல்லும் என்றான். 'வா' என்று சொல்லுமாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகம் ஒரு மனுஷ முகமாக இருந்தது. சரி, அதை அப்பாவிடம் போய்ச் சொல் என்றதும் அந்த முகம் பூட்டிக்கொண்டது.

"அப்பா சொல்லிட்டாரு, அல்லி."

"துப்பாக்கி தூக்கறவன்தானே நீ. எதுக்கால குண்டு வந்தா நிக்கறவன்தானே. ஒரு கெழவன் முன்னாடி வாயத் தொறக்க முடியலையா?"

"அங்கயும் சொன்னாத்தான் நிப்பேன்" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னான்.

அந்தப் பதிலில்தான் அல்லிக்கு விளங்கியது. வீரம், தைரியம் என்று ஊரெல்லாம் பேசுகிறார்களே, அது எதுவும் இவனிடம் இல்லை. பதினெட்டு வயதில், ஒரு பிள்ளை தன் விருப்பம் இது என்று தட்டுத்தடுமாறிக் கண்டுபிடிக்கிற வயதில், இவனிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு அந்த இடத்தில் இன்னொருவன் குரலை வைத்துத் தைத்துவிட்டார்கள். அப்பா பாதி தைத்து அனுப்பினார், மீதியைப் பட்டாளம் தைத்தது. இவனிடம் போய், யோசி, மனசைக் கேள், நியாயத்தைப் பார் என்று கெஞ்சிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும், பரிசமும் முடிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். செல்லையன் வெற்றிலை பாக்கு, பழம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். தியாகராசன் வீட்டிலுள்ள எல்லோருடைய செருப்பையும் வாசலில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். அல்லி அவன் முன்னால் போய் நின்றாள்.

"எந்திரி. சட்டையப் போடு. என்னோட வா."

எங்கே என்று கேட்கவில்லை. எழுந்தான், சட்டையைப் போட்டான், வந்தான். அவ்வளவு சுலபமாக இருந்தது. அவ்வளவு சுலபமாக இருந்ததில் அல்லிக்கு ஆத்திரமாக வந்தது. அதோடு, ஒப்புக்கொள்ள முடியாத ஒன்றும் நடந்தது: சொன்ன நொடியில் ஒரு ஆள் அசைவதைப் பார்க்கிற ருசி அவள் நாக்கில் ஒட்டியது. அப்பா இத்தனை வருஷம் எதைத் தின்று வளர்ந்தார் என்பது ஒரு நொடிக்குத் தெரிந்தது. காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

நெடுங்காடு பஸ்ஸில் இடம் காலியாகத்தான் இருந்தது. அவள் உட்கார்ந்தாள். அவன் நின்றான். உட்கார் என்று அவள் சொல்லவில்லை, அவன் உட்காரவுமில்லை.

குரும்பகரத்தில் இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்தார்கள். பெரியநாயகி வாசலில் பரிசத்துக்காகச் சாணம் மெழுகிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையைப் பார்த்ததும் பதறி எழுந்து, சாணிக் கையை முந்தானைக்குள் மறைத்தாள். பரிசத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலை மிதிக்கிறது உண்டா, ஊர் என்ன பேசும் என்று சிரிப்பும் பயமுமாகச் சொன்னாள். உள்ளே முறத்தில் துவரம்பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்த அஞ்சுகம் அப்படியே எழுந்து நின்றாள். வெட்கத்தில் அவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"சொல்லு" என்றாள் அல்லி.

தியாகராசன் சொன்னான். கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பெண்ணின் பேர், ஊர், வேலை. குழந்தையின் பேர், வயது. ஒரே வீட்டில் இருப்பது, பதியாமல் இருப்பது. காவல் மாறும்போது ஒருவன் அடுத்தவனுக்கு ஒப்பிப்பது போல ஒப்பித்தான். முடிந்ததும் வாயை மூடிக்கொண்டான்.

பெரியநாயகி மெழுகின ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வாய்க்கால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு அவள் அல்லியை நிமிர்ந்து பார்த்து, பதியவில்லை என்பது நிச்சயம்தானா என்று கேட்டாள். நிச்சயம்தான் அத்தை என்றாள் அல்லி.

"அப்ப என்னா போச்சு?" என்றாள் பெரியநாயகி. "அவ அங்க இருந்தா இருந்துட்டுப் போறா. எம் பொண்ணுக்குக் காயிதம் ஆனாப் போதும். போயிக் குதிச்சுட்டான்னா அப்பறம் அவ சமத்து. நீ ஏன் தாயி இதத் தூக்கிக்கிட்டு ஓடியாந்த?"

இதை அல்லி எதிர்பார்க்கவில்லை. பெரியநாயகி அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், அண்ணனைச் செருப்பால் அடிப்பாள் என்றுதான் நினைத்திருந்தாள். அவள் மேல் கோபப்படவும் முடியவில்லை. முழங்கால் சேற்றில் இருபது வருஷம் குனிந்தவளுக்கு, பெண் நிமிர்ந்து நிற்க ஒரே ஒரு வழிதான் தெரிந்திருந்தது. அந்த வழியின் வாசலில் வெள்ளைக்காரி நின்றால் என்ன, யார் நின்றால் என்ன.

அஞ்சுகம் முறத்தைக் கீழே வைத்தாள். நாலடி முன்னால் வந்து தியாகராசனுக்கு நேரே நின்றாள். வெட்கமெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

"உங்களுக்கு என்னையக் கட்டிக்க இஷ்டமா?"

தியாகராசன் அவளைப் பார்த்தான். உதடு அசைந்தது. பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, அல்லியைப் பார்த்தான்.

என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கிற பார்வை அது. வாழ்நாளில் அல்லி அதைப் போல அருவருப்பான ஒன்றைப் பார்த்ததில்லை. இருபத்தாறு வயது ஆம்பிளை, ஒரு குழந்தைக்குத் தகப்பன், உனக்கு இஷ்டமா என்ற கேள்விக்குத் தங்கையின் வாயைப் பார்க்கிறான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அஞ்சுகம் அந்தத் திரும்பலைப் பார்த்துவிட்டாள்.

"எனக்கு வேணாம்மா" என்றாள் தாயிடம். "அந்தப் பொம்பளைக்காகச் சொல்லல. இவரு வேணாம்."

பெரியநாயகி அப்போதுதான் அல்லி மேல் வெடித்தாள். படித்த திமிர் என்றாள். உனக்கொரு மாப்பிள்ளை அமையாத வயிற்றெரிச்சல் என்றாள். கூடப் படித்தவள் கப்பல் ஏறிப் போய்விடுவாளே என்று காந்தல் என்றாள். அல்லி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். அஞ்சுகம் தன்னைப் புரிந்துகொள்வாள் என்ற நினைப்பில்தான் நின்றாள். ஆனால் அஞ்சுகம் வாசல் வரை வந்து, தாழ்ந்த குரலில், கண்ணெல்லாம் சிவந்துபோய்க் கேட்டாள்:

"நீ வந்து சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டனாடி? இந்த மனுசனை இழுத்துக்கிட்டு வந்து சந்தையில மாட்டை நிறுத்தறாப்புல நிறுத்துனியே. அவரையும் நிறுத்துன, என்னையும் நிறுத்துன."

பயிற்சிப் பள்ளியில் மறுபடி போய்க் கேட்டுப் பார்க்கலாம், நான் கூட வருகிறேன் என்றாள் அல்லி. நானே போய்க் கேட்டுக்கொள்கிறேன் என்று அஞ்சுகம் கதவைச் சாத்தினாள்.

வீடு திரும்பியபோது செல்லையன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வாழைத்தாரும் வெற்றிலைக் கவுளியும் கூடத்தில் இறங்கியிருந்தன. செய்தி அவர்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது, பெரியநாயகி சைக்கிளில் ஆள் அனுப்பிவிட்டிருந்தாள். அவர் சத்தம் போடவில்லை.

"யாரு போவச் சொன்னது?"

"அல்லி" என்றான் தியாகராசன்.

சட்டென்று, நேராக, விறைப்பாக. நான் போனேன் என்று அவன் சொல்லவில்லை. போக வேண்டும் என்று தோன்றியது என்று சொல்லவில்லை. தன் பெண்டாட்டிக்காக, தன் குழந்தைக்காக, ஒரு பெண்ணின் வாழ்க்கை பாழாகாமல் இருப்பதற்காக என்று எதுவும் சொல்லவில்லை. அவன் வாழ்க்கையிலேயே அவன் செய்த ஒரே நியாயமான காரியம், அதுவும் இன்னொருத்தி உத்தரவு.

செல்லையன் மகளைத் திரும்பிப் பார்த்தார். அடி விழும் என்று அல்லி காத்திருந்தாள். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணில் அவள் அதுவரை காணாத ஒரு வெளிச்சம் இருந்தது. ரொம்ப நாள் ஒரே படையில் இருந்துவிட்டு அடையாளம் தெரியாமல் போன ஒருவனைக் கண்டுகொண்டது போல.

"நீ ஆம்பிளையாப் பொறந்திருக்கணும். பட்டாளத்துல கப்பித்தானே ஆயிருப்ப" என்றார்.

இருபத்திரண்டு வருஷத்தில் அப்பா அவளை மெச்சியது அது ஒன்றுதான். அல்லி பின்கட்டுக்குப் போய், கிணற்றுத் தண்ணீரை இறைத்து இறைத்து முகத்தில் அடித்துக்கொண்டாள். கூடத்தில் அப்பா பிள்ளையிடம், பெர்மிசியோன் முடிந்தது, நாளைக்கே கிளம்பு என்று சொல்வது கேட்டது. சரிப்பா என்று அவன் சொன்னதும் கேட்டது.

மறுநாள் அவனை வழியனுப்ப அல்லி மட்டும்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். காசியம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டு அடுப்படியிலேயே இருந்துகொண்டாள். மெட்ராஸ் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. தியாகராசன் பெட்டியை மேலே போட்டுவிட்டு இறங்கி வந்தான். ஏதோ சொல்ல வேண்டும் என்று அவன் தவிப்பது தெரிந்தது. அவளுக்கு நெஞ்சு இளகியது. எட்டு வருஷத்தில் முதல்முறையாக இவன் தன் வாயால் ஒன்றைச் சொல்லப்போகிறான் என்று நினைத்தாள். நீ நல்லதுதான் செய்தாய் என்று சொல்லலாம். ஏன்டி இப்படிச் செய்தாய் என்று திட்டலாம். எதுவாக இருந்தாலும் சரி, அவனுடையதாக இருந்தால் போதும்.

"அல்லி" என்றான். "அங்க போனதும் மொனிக்கைப் பதிஞ்சுக்கட்டா? என்ன செய்யட்டும் சொல்லு."

பதிந்துகொள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இறங்கின மறுநாளே பதிந்துவிடுவான். அந்தக் குழந்தைக்கு ஒரு அப்பன் கிடைப்பான், காயிதத்திலாவது. அந்த வார்த்தை அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"சொல்ல மாட்டேன்" என்றாள். "நான் சொல்ல மாட்டேண்ணே. செத்தாலும் சொல்ல மாட்டேன். நீயே யோசி. ராத்திரி தூக்கம் வரலைன்னியே, அதுகிட்டக் கேளு. மொனிக்கிட்டக் கேளு. எங்கிட்டக் கேக்காத."

அவனுக்கு அவள் திட்டுவது புரிந்தது. எதற்காகத் திட்டுகிறாள் என்பதுதான் புரியவில்லை. பஸ் நகரத் தொடங்கியது. ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொண்டான். அங்கிருந்து அவளையே பார்த்தான். உதடு மறுபடி அசைந்தது. வாயைத் திறப்பானா என்று அல்லி பஸ்ஸோடு கூடவே நாலு எட்டு நடந்தாள்.

"படியில நிக்காதீங்க சார், உள்ள ஏறி நில்லுங்க" என்றார் கண்டக்டர்.

தியாகராசன் உடனே உள்ளே ஏறி நின்றான்.